ஏழு வாயில் கடந்த சோறும் தேவியார் முற்றத்து அடுப்பும்

நலம் பெருகுக. ஏரிகள் நிறைக. எரிகிற அடுப்பு எந்த வீட்டிலும் அவியாதிருக்க.

வெண்ணில நாட்டின் வேலியாய் நிற்கும் சாத்தன் வெண்கோப் பெருமகனாரின் திருமகளாரும், குறிஞ்சாற்று நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் கடுவரைய மாமன்னரின் பட்டத்துத் தேவியாரும், பதினெட்டு ஊர்களுக்குக் கால்வாய் வெட்டுவித்தவருமான கொற்றிநங்கையார் திருமுன்பு, வேழவாயில் மாநகரிலிருந்து திருமந்திர ஓலைநாயகம் கூத்தன் நக்கன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தந்தையார் நாட்டில் மழையும் விளைவும் செழித்திருக்கும் என நம்புகிறோம். இங்கே குடிகள் நலம், குதிரைகள் நலம், கோட்டை நலம். கோமானும் நலமே. நாக்கில் மட்டும் மூன்று கொப்புளத் தழும்புகள்.

அக்கொப்புளங்களின் வரலாறே இவ்வோலையின் பொருளாகும். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், தம்மைக் காப்பாற்றி ஒரு சொல்லும் எழுதலாகாது என்று கோமானே ஆணையிட்டிருக்கிறார். முப்பது ஆண்டுகளாக அவர் தந்தையாரையும் அவரையும் காப்பாற்றியே எழுதி எழுதிக் கை வலித்துப்போன ஓலைநாயகனுக்கு இதைவிட இனிய ஆணை வாய்த்ததில்லை. ஆகவே பிழை இருந்தால் பொறுத்தருள்க. கேலி இருந்தால் அது கோமான் உத்தரவு என்று கொள்க.

தேவியார் அறிந்ததையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது, இவ்வோலை தந்தையாரின் அவையிலும் படிக்கப்படும் ஆதலால். குறிஞ்சாற்று அரண்மனையின் மடைப்பள்ளி தென்கோடியில் இருக்கிறது. அரசர் உண்ணும் கூடம் வடகோடியில். இடையில் ஏழு வாயில்கள். கோமானின் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில் யாரோ பாலில் நஞ்சு கலந்தார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. அன்று முதல் உப்பறிவோன் என்று ஓர் அதிகாரி முதலில் உண்பான். அவன் உயிரோடு இருக்கிறானா என்று ஒரு நாழிகை பார்ப்பார்கள். இருக்கிறான் என்று தெளிந்த பிறகு பானைக்கு முத்திரை இட்டு, வாயிலுக்கு வாயில் முத்திரை சரிபார்த்து, ஏழாம் வாயிலில் ஒரு முறை கவிழ்க்காத குறையாகக் கிளறிப் பார்த்து, பிறகே அரசர் இலைக்கு வரும். போர்க்களத்திலும் இதே வழக்கம்தான், வாயிலுக்குப் பதில் கூடாரங்கள். வேட்டைக்குப் போனால் கட்டுச்சோறு.

பால்குடி மறந்த நாள் முதல் கோமான் உண்டதெல்லாம் இப்படி வந்த சோறே. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று ஊரார் ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். எம் கோமானுக்கு அது நாள்தோறும் மூன்று வேளை.

வெண்ணில நாட்டில் அண்ணன்மாரோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, சட்டியிலிருந்து நேரே இலையில் விழுந்ததை உண்டு வளர்ந்த தேவியார், ஒன்பது ஆண்டுகள் இந்தச் சோற்றை உண்டார். சூடாக ஒரு வாய் வேண்டும் என்று எத்தனை முறை சொன்னார் என்பதை ஓலைநாயகன் அறிவான். பிறந்தகத்துப் பழக்கம், நாளாக நாளாகப் போய்விடும் என்று கோமான் சொன்னதையும் அறிவான். சென்ற இளவேனிலில் தேவியார் காய்ச்சலில் கிடந்தபோது மிளகுச்சாறு கேட்டார். ஏழு வாயிலும் கடந்து அது வந்தது. மேலே நெய் வெள்ளையாய்க் கட்டியிருந்தது. கோமான் அதில் ஒரு மிடறு தாமே பருகிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். தேவியார் கோபம் கொள்ளவில்லை. காய்ச்சல் விட்டதும், அப்பா வீட்டில் ஒரு வாய் சூடாகக் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பல்லக்கு ஏறினார். ஐந்து முழுநிலவு ஆயிற்று.

என் முற்றத்தில் ஓர் அடுப்பு எரிகிறது என்று கேட்டால் வருவேன் என்று தேவியார் சொல்லியனுப்பியதும், ஆறாம் முழுநிலவுக்குள் கணவன் வீடு திரும்பாத மகளுக்குத் தனி மாளிகை கட்டிக் கொடுப்பது வெண்ணில நாட்டு வழக்கம் என்பதும், அதற்கு அடிக்கல் நாட்ட நாள் பார்த்தாயிற்று என்பதும் கோமானின் செவிக்கு ஒரே நாளில் எட்டின. மனிதர் ஆடிப்போனார். பதினொரு போரில் வென்றவர், அன்று முடியை மறந்து வெறுந்தலையோடு அவைக்கு வந்ததை ஓலைநாயகன் கண்ணால் கண்டான்.

அடுப்புத்தானே, நாளைக்கே வைத்துவிடலாம் என்று ஓலைநாயகன் சொன்னான். கூடாது என்றார் கோமான். தேவிக்கு வைக்கும் அடுப்பு உலகத்திலேயே சிறந்த அடுப்பாக இருக்க வேண்டும், அதைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு வேண்டும் என்றார். அவ்வளவுதான். குழு கூடியது. படைத்தலைவர் அடுப்பின் உறுதியைப் பார்ப்பது, கோட்டைத் தச்சர் அளவைப் பார்ப்பது, காலக்கணியர் அது எரியும் திசையைப் பார்ப்பது, அரசர் சுவையைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. குழுவில் ஒருவருக்கும் உலை வைக்கத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்னவர் எங்கள் குழுவைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பறையறைவித்ததில் மூன்று அடுப்புகள் வந்தன. முதலாவது, குயவர் தலைவர் செங்கண்ணன் வனைந்த கொடியடுப்பு. ஒரே தீயில் பெரிய வாயில் சோறும், பக்கத்துச் சிறு வாயில் குழம்பும் கொதிக்கும். கொஞ்சம் விறகு போதும், ஆனால் புகை உண்டு. இரண்டாவது, மலைநாட்டுக் கொல்லர் கொணர்ந்த இரும்புக் கரியடுப்பு. புகையில்லை, வேண்டிய இடத்துக்குத் தூக்கிப்போகலாம், ஆனால் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது, கடல்வணிகன் ஒருவன் கொணர்ந்த ஆவிக்கலம். அடியிலேயே தீக்கிண்ணம் பொருத்திய தடித்த வெண்கலப் பானை. மூடியைத் திருகிப் பூட்டினால் ஆவி வெளியே போகாது, கால் பங்கு நேரத்தில் கடலையும் வெந்துவிடும், வெந்ததும் மூடியிலுள்ள குழல் சீழ்க்கை அடிக்கும்.

முதல் நாள் சோதனையில் அது சீழ்க்கை அடித்தபோது முற்றத்தில் நின்ற காவலர் பன்னிருவரும் வாளை உருவினர். படைத்தலைவர் கோமானின் முன்னே பாய்ந்து மார்பைக் காட்டி நின்றார். ஒரு பானைப் பயறுக்கு முன்னால் அப்படி நின்றவர் வரலாற்றில் அவர் ஒருவரே. கோமானுக்கு அந்த ஒலி மிகவும் பிடித்துவிட்டது. போர்ச்சங்கு போல இருக்கிறது, இன்னொரு முறை ஊதச் சொல் என்று கேட்டார். பயறு கரைந்து கூழாகும்வரை ஊத வைத்தோம்.

பிறகு சுவை பார்க்கும் சடங்கு நடந்தது. தேவியார் முற்றத்து அடுப்புக்கு வாயில் ஏது, முத்திரை ஏது? செங்கண்ணனின் அடுப்பில் வெந்த சோறு இறக்கிய கையோடு கோமானின் இலைக்கு வந்தது. கோமான் வழக்கம்போல் ஐந்து விரலையும் அழுத்தி அள்ளி வாயில் போட்டார். போட்டவர் துள்ளி எழுந்தார். கண் கலங்கிற்று. வாயை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. ஒரு குடம் நீர் குடித்த பிறகு அமர்ந்து, மிக அமைதியாகத் தீர்ப்பு உரைத்தார். இவ்வடுப்பில் ஒரு குறை இருக்கிறது, சோறு சுடுகிறது என்றார்.

இந்த இடத்தில் ஓலைநாயகன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அவையில் இருந்த ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் சுடச்சுடச் சோறு தின்பவர்களே. சோறு என்றால் சுடும், அதற்குத்தான் அடுப்பு என்பது எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் சுடுவது குறை என்று அரசர் வாய்மலர்ந்த பிறகு, இல்லை என்று சொல்லும் நாக்கு எவனுக்கு உண்டு? ஆம், சுடுகிறது, பெருங்குறைதான் என்றார் படைத்தலைவர். திசை சரியில்லை, அதனால் சுடுகிறது என்றார் காலக்கணியர். ஓலைநாயகன் ஏட்டை எடுத்து, குறை ஒன்று, சுடுதல் என்று எழுதிக்கொண்டான். வெட்கத்தோடுதான் எழுதினான், ஆனாலும் எழுதினான்.

கரியடுப்பும் சுட்டது. ஆவிக்கலம் எல்லாவற்றையும்விடக் கடுமையாகச் சுட்டது. மூன்று அடுப்புக்கு மூன்று கொப்புளம். மூவரையும் அழைத்து, சுடாமல் சமைக்கும்படி திருத்திக் கொணர்க என்று ஆணை போயிற்று. கடல்வணிகன் கேட்டதை அவன் பேச்சிலேயே எழுதுகிறேன். “ஐயா, நான் போகாத துறைமுகம் இல்லை. எல்லா ஊர்லயும் சூடு பத்தலைன்னுதான் பண்டத்தைத் திருப்பிக் குடுப்பாக. சூடா இருக்குன்னு திருப்பிக் குடுக்கிற ஊரை இப்பத்தான் பாக்கேன்” என்றான். ஓலைநாயகன் அவனை ஓரமாக அழைத்துப்போய் வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னான்.

மற்ற இருவரும் தலையில் கைவைத்துக்கொண்டு போக, செங்கண்ணன் மட்டும் ஒரு மாதம் பாடுபட்டான். அரசர் கேட்டதைக் கொடுக்காமல் விடுவதா என்று அவனுக்கு ரோசம். தீவாயைக் குறுக்கினான், சுவரைத் தடித்தான், பானைக்கும் தீக்கும் நடுவே ஓர் ஓட்டுத் தட்டு வைத்தான். கடைசியில் ஓர் அடுப்பு உருவாயிற்று. காலையில் ஏற்றிய உலை உச்சிப்பொழுதில் மெல்ல வெதுவெதுத்தது. சோறு மாலையில் இறங்கியது, பாதி அரிசி, பாதி மாவு. கோமான் அள்ளி உண்டார். சுடவில்லை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இதுதான், இதைத்தான் தேவி கேட்டாள் என்று எழுந்து நின்று சொன்னார். உலகின் தலைசிறந்த அடுப்பு தேவியார் முற்றத்தில் எரிகிறது என்று ஓலை எழுத ஆணையிட்டார். ஆறாம் முழுநிலவுக்குப் பதினான்கு நாள் இருந்தது.

அந்த ஓலையும் எழுதப்பட்டது. அது மட்டும் தேவியார் கைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேவியார் நம்பி வந்திருப்பார். வந்து உலை வைத்திருப்பார். மாலைவரை காத்திருந்து, வெதுவெதுத்த அரிசியைப் பார்த்துவிட்டு, மறுநாளே பல்லக்கு ஏறியிருப்பார். இம்முறை திரும்பிவரும் பேச்சே இருந்திருக்காது. இது தெரிந்தும் ஓலைநாயகன் வாய் திறக்கவில்லை. அவன் வெட்கத்தை எழுத இந்த ஏடு போதாது.

வாய் திறந்தவள் மடைப்பள்ளியின் தலைவி மாடத்தி. புதிய அடுப்பில் ஒரு பருப்புக் குழம்பு வைத்துக் காட்டும்படி அவளை வரவழைத்தோம். நாற்பது வயதில் நானூறு பந்தி பார்த்தவள். அடுப்பைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பானையைத் திறந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். கோமான் எதிரே நிற்கிறார் என்பதையும் பார்க்காமல் அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன், அரசவைத் தமிழ் அல்ல, பொறுத்தருள்க. “இது என்ன ராசா, அடுப்பா இது? கோழி அடைகாத்தாக்கூட இதைவிடச் சூடு இருக்குமே! திங்கிறவுக பத்துப் பேரைக் கூட்டி வச்சுக் கேட்டீக. ஆக்குறவ ஒருத்தியக் கேட்டீகளா? சோறு சுடாம வேற எதைச் சுடச் சொல்லுதீக?”

படைத்தலைவர் மேலே பார்த்தார். காலக்கணியர் கீழே பார்த்தார். எல்லா வீட்டிலும் சோறு சுடுமா என்று கோமான் கேட்டார். பிறகு ஓலைநாயகனைப் பார்த்து, நக்கனாரே, உம் வீட்டில் எப்படி என்றார். சுடும் என்றான் ஓலைநாயகன். முப்பது ஆண்டுப் பணியில் அவன் சொன்ன மிகச் சிறிய உண்மையும், மிகக் கடினமான உண்மையும் அதுதான்.

மாடத்தி ஒருவர் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. மூலையில் கிடந்த கரியடுப்பை இழுத்து வைத்து, துவரம்பருப்பை வேகவைத்து இறக்கி, அரைப்படி அரிசி களைந்து போட்டாள். கோமானைத் தரையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். சோற்றைப் போட்டுக் குழித்து, பருப்பை ஊற்றி, மேலே ஒரு கரண்டி நெய் விட்டாள். நெய் உருகி ஓடிற்று. நெய் உருகும் என்பதைக் கோமான் வேள்வியில் கண்டிருக்கிறார், விளக்கில் கண்டிருக்கிறார், சோற்றில் கண்டதில்லை. அவர் இலையில் அது எப்போதும் வெள்ளைக் கட்டியாகவே வந்திருக்கிறது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அள்ளப் போன கையை மாடத்தி தடுத்து, “விரல் நுனியால எடுங்க. ஊதுங்க. ஊதித் திங்கணும் ராசா” என்றாள். கோமான் ஊதினார். சங்கு ஊதுகிற மாதிரி ஊதியதால் முதல் கவளம் ஓலைநாயகன் மடியில் விழுந்தது. இரண்டாவது கவளம் வாய்க்குள் போயிற்று. மூன்றாவது போனபோது கண்ணை மூடிக்கொண்டார். அதன்பின் இலை காலியாகும்வரை கை நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. கேட்டதற்குப் புகை என்றார். கரியடுப்பில் புகை வராது என்பதை எழுதத் தேவையில்லை.

கை கழுவிய பிறகு அவர் சொன்னதைத் தேவியாருக்கு அப்படியே எழுத வேண்டும் என்பது ஆணை. அவர் சொன்னதாவது: ஒன்பது ஆண்டுகள் இதைத்தான் அவள் கேட்டாள். நான் பிறந்தகத்துப் பழக்கம் என்றேன். காய்ச்சலில் கிடந்தவளிடம் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது, நக்கனாரே. இவ்வளவும் சொல்லிவிட்டு, முற்றத்துத் திண்டில் தலைகுனிந்து உட்கார்ந்தார். பார்க்க மனம் பொறுக்கவில்லை.

ஆயினும் கோமான் கோமானே. சற்றைக்கெல்லாம் எழுந்து, கரியடுப்பே சிறந்தது, முடிவாயிற்று என்றார். மாடத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். தேவியார் உட்கார்ந்து ஆக்குபவரா நின்று ஆக்குபவரா என்று கேட்டாள். கோமானுக்குத் தெரியவில்லை. விசிறும் கை எது, கிளறும் கை எது என்று கேட்டாள். தெரியவில்லை. சோற்றுக்கு முன் குழம்பு வைப்பவரா, பின் வைப்பவரா, புகை அவருக்கு ஒத்துக்கொள்ளுமா, சீழ்க்கைச் சத்தத்துக்குப் பயப்படுவாரா என்று அடுக்கினாள். கோமான் ஓலைநாயகனைப் பார்த்தார். ஓலைநாயகன் குழுவைப் பார்த்தான். தேவியாரின் பட்டங்கள் பதினாறையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அவையில், அவர் எந்தக் கையால் கிளறுவார் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. “ஆக்குறவ கைக்குத் தக்கனதான் அடுப்பு. உங்களுக்கு இதுல என்ன சோலி?” என்று சொல்லிவிட்டு மாடத்தி மடைப்பள்ளிக்குப் போய்விட்டாள்.

குழு அன்றே கலைக்கப்பட்டது. காலக்கணியர் மட்டும் திசையைப் பற்றி இன்னும் முணுமுணுக்கிறார்.

இனிக் கோமானின் ஆணைகளாவன. முன்னர் எழுதிய ஓலை அடுப்பில் இடப்பட்டது. சுடாத அடுப்பு செங்கண்ணனுக்கே திருப்பித் தரப்பட்டது. அவன் மீது குற்றமில்லை, கேட்டவர் மீதே குற்றம் என்று அவனுக்குப் பட்டாடையும் உடன் போயிற்று. அரசரும் தேவியாரும் உண்ணும் உணவுக்கு இனி வாயில் இல்லை, முத்திரை இல்லை, காத்திருப்பு இல்லை. உப்பறிவோன் கடைசி வாயிலின் காவலுக்கு மாற்றப்பட்டான். அரண்மனையில் நாள்தோறும் சூடாக உண்டவன் அவன் ஒருவனே என்பது இப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அவன் மட்டும் ஏன் அவ்வளவு பூரிப்பாக இருந்தான் என்பதும் விளங்கிற்று. அவன் அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை. கொடியடுப்பும் கரியடுப்பும் ஆவிக்கலமும் தேவியார் முற்றத்தில் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. கோமான் காலையில் கரியடுப்பைத் தாமே பற்றவைத்துப் பழகுகிறார். நேற்று மேலாடையின் ஓரம் கருகிற்று, வேறு தீங்கில்லை.

எந்த அடுப்பு என்ற ஆணை மட்டும் இவ்வோலையில் இல்லை. அதற்காக இத்துடன் இரண்டாம் ஏடு ஒன்று வருகிறது. அதில் எழுத்து ஏதும் இல்லை. அடியில் கோமானின் வேழ முத்திரை மட்டும் பதிக்கப்பட்டிருக்கிறது. வெற்றேட்டில் அரச முத்திரை இடுவது எந்த நாட்டிலும் இல்லாத வழக்கம், தேவியார் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், வரமாட்டேன் என்றுகூட எழுதலாம் என்று ஓலைநாயகன் தடுத்துப் பார்த்தான். அதற்குக் கோமான் சொன்ன விடை: எழுதட்டும். ஒன்பது ஆண்டுகள் அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. இனி அவள் எதை எழுதினாலும் என் முத்திரை அதற்கு முன்னமே இருக்கட்டும்.

கடுவரைய மாமன்னரின் பதினெட்டாம் ஆட்சியாண்டு, ஐப்பசித் திங்கள், வளர்பிறை ஐந்தாம் நாள். இவ்வோலை கொணரும் குதிரைவீரன் தேவியாரின் விடை கிடைக்கும்வரை அங்கேயே காத்திருப்பான்.

எழுத்து, ஓலைநாயகம் கூத்தன் நக்கன்.

முத்திரை, கோமானுடையது.

கட்டளை, தேவியாருடையது.